தேய்ந்த ஜவ்வு மறுபடி வளருமா?

“ஊசி போட்டா தேஞ்ச ஜவ்வு மறுபடி வளருமாமே மேடம், நிஜமா?”

திருச்சியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். முட்டிவலியோடு வருகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது இதைத்தான். போனில் வந்த வீடியோவையும் காட்டுவார்கள். ஒரு முழங்கால் படம், அதற்குள் ஓர் ஊசி இறங்கும், கண்ணெதிரே வெள்ளை வெளேரென்று புது ஜவ்வு படர்ந்து பள்ளத்தை மூடிவிடும். அந்தப் படத்தை நம்பி நகையை அடகு வைத்தவர்கள் இருக்கிறார்கள். ரிட்டையர் ஆனபோது வந்த பி.எஃப். பணத்தை எடுத்துக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நேரில் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதாகித் தேய்ந்த முழங்காலில் அந்த வீடியோவில் வருவது போலப் புது ஜவ்வு வளர்ந்து மூடும் என்று இன்று கிடைக்கிற எந்த ஊசியும் நிரூபிக்கவில்லை. ஆனால் வலி குறையலாம். சிலருக்கு நன்றாகவே குறைகிறது. வலி குறைவது ஒன்று, ஜவ்வு வளர்வது இன்னொன்று. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கும்போதுதான் ஜனங்கள் ஏமாந்துபோகிறார்கள்.

ஜவ்வு என்று இங்கே நாம் சொல்வது எலும்பு முனைகளின் மேல் சில மில்லிமீட்டர் கனத்துக்கு வழுவழுவென்று படிந்திருக்கும் குருத்தெலும்பு. கையில் கீறிக்கொண்டால் ரத்தம் வருகிறது, ரத்தத்தோடு ஆற்றுகிற செல்களும் வருகின்றன, கடைசியில் தழும்பாவது உண்டாகிறது. குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாயே கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்து ஊறி வருகிற சத்துதான் அதற்கு ஆகாரம். உள்ளே இருக்கும் செல்களும் சொற்பம். நகர்ந்து போய் ஒரு பள்ளத்தை நிரப்ப அவற்றால் முடியாது. வில்லியம் ஹண்டர் என்ற உடற்கூறு மருத்துவர் 1743-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் சொல்லிவிட்டார்: குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் திரும்ப வராது.

அது பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 1950, 60-களில் நாடுகள் போட்டி போட்டு அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு எக்கச்சக்கமாக ஏறி, பிறகு வருஷா வருஷம் இறங்கியது. அந்தக் கார்பன் சாப்பாட்டு வழியாக மனித உடம்புக்குள்ளும் போனது. ஆகவே, ஒரு திசு எந்த வருஷத்தில் உண்டானது என்பதை அதிலிருக்கும் கார்பனை வைத்தே கணக்கிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் முழங்கால் குருத்தெலும்பை இப்படி அளந்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். குருத்தெலும்புக்குப் பலம் கொடுக்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாவது, நாம் வளர்ந்து முடிக்கிற வயதோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் புதுப்பிப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. தேய்மானம் வந்த மூட்டிலும் இதே கதைதான். அறுபது வயதுக்காரரின் முழங்காலில் இருப்பது அவர் பள்ளிக்கூடம் போன காலத்துக் கொலாஜன். இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. வாழ்நாள் முழுக்க நம்மைத் தாங்க ஒரே ஒரு முறை கொடுக்கப்பட்ட பொருள் அது.

குருத்தெலும்பில் ரத்தக்குழாய் மட்டுமல்ல, நரம்பும் கிடையாது. அப்படியானால் வலிப்பது எது? அடியில் இருக்கும் எலும்பு, மூட்டின் உள்ளுறை வீங்குவது, சுற்றியுள்ள தசைநார்கள், பலம் குறைந்த தொடைத் தசை, இதோடு தூக்கமும் மனநிலையும். அதனால்தான் எக்ஸ்ரேயும் வலியும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. எலும்போடு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கிற படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மலைக்கோட்டைப் படி ஏறிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வருகிற பாட்டிகள் எங்கள் ஊரில் உண்டு. படத்தில் லேசான தேய்மானம்தான், ஆனால் பஸ் படியில் கால் வைக்க முடியாமல் கண் கலங்குகிறவர்களும் உண்டு. வலியைக் குறைக்க ஜவ்வு வளர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நோயாளிகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்கிற நல்ல செய்தி இதுதான்.

சரி, ஊசிகளுக்கு வருவோம்.

ஊரில் அதிகம் போடப்படுவது பி.ஆர்.பி., அதாவது தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா. “என் ரத்தத்தையே எடுத்து, மிஷின்ல சுத்தி, எனக்கே போட்டாங்க” என்று நோயாளிகள் சொல்வதில் தவறே இல்லை, நடப்பது அதுதான். கையிலிருந்து ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க மருந்து போட்ட குழாயில் ஊற்றி, சென்ட்ரிஃப்யூஜில் வைத்துச் சில நிமிடம் சுற்றுகிறார்கள். எடுத்துப் பார்த்தால் குழாயில் மூன்று அடுக்கு தெரியும். அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. இரண்டுக்கும் நடுவில், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி, வெளிறிய மெல்லிய ஒரு படலம். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் அங்கேதான் சேர்கின்றன. அந்த இடத்தை ஒட்டி உறிஞ்சி எடுத்த சில மில்லிதான் மூட்டுக்குள் போகிறது. தட்டணுக்களுக்குள் சிறு சிறு பைகளில் வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன. காயம் பட்ட இடத்தில் அவை வெடித்து, ஆற்றும் வேலையைத் தொடங்கிவைக்கின்றன. அதையே மூட்டுக்குள் செய்ய வைக்கலாம் என்பதுதான் யோசனை. யோசனை நல்லதுதான்.

சிக்கல் செய்முறையில் இருக்கிறது. எவ்வளவு ரத்தம், எத்தனை வேகம், ஒரு தடவை சுற்றுவதா இரண்டு தடவையா, வெள்ளையணுக்களை வைப்பதா நீக்குவதா என்று இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆளுக்கு ஆள் ரத்தமும் மாறுகிறது. ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருப்பது சகஜம். ஆக, இரண்டு பேர் “பி.ஆர்.பி. போட்டுக்கிட்டேன்” என்று சொன்னால் இருவரும் ஒரே மருந்தைப் போட்டுக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. உள்ளே போனது எத்தனை தட்டணுக்கள் என்று எண்ணிப் பார்த்து எழுதித் தருகிற இடங்கள் அபூர்வம்.

2021-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வை இந்த விஷயத்தில் நான் பெரிதாக மதிக்கிறேன். லேசானது முதல் நடுத்தரம் வரை தேய்மானம் உள்ள 288 பேர். பாதிப் பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று பி.ஆர்.பி. ஊசி, மீதிப் பேருக்கு அதே மாதிரி மூன்று உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஒரு வருஷம் கழித்து வலியைக் கேட்டு, எம்ஆர்ஐயில் குருத்தெலும்பின் கன அளவையும் அளந்தார்கள். பத்துக்கு மதிப்பிட்ட வலி, பி.ஆர்.பி. போட்டவர்களுக்குச் சராசரியாக 2.1 குறைந்திருந்தது. உப்புநீர் போட்டவர்களுக்கு 1.8. அந்த வித்தியாசம் கணக்கில் நிற்காது. குருத்தெலும்போ இரண்டு பக்கமும் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது: பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு 1.4 சதவீதம், உப்புநீர் போட்டவர்களுக்கு 1.2 சதவீதம். வளரவில்லை.

“அப்ப எனக்குக் குறைஞ்சது பொய்யா?” என்று ஒருவர் கோபமாகவே கேட்டார். பொய்யே இல்லை. உப்புநீர் போட்டவர்களுக்கும் நிஜமாகவே குறைந்தது. முட்டிவலி ஏறி இறங்கும் சுபாவம் கொண்டது. உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் ஊசிக்குப் போகிறோம், அதன்பின் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஓரளவு இறங்கும். நம்பிக்கை, டாக்டர் நேரம் ஒதுக்கிப் பேசியது, ஊசிக்குப் பிறகு ஒரு வாரம் பத்திரமாக நடந்தது என எல்லாமே மூளை வலியைக் கணக்கிடும் முறையை மாற்றுகின்றன. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரை வைத்து நடந்த சோதனையில் சிலருக்கு முழங்காலில் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டு, உள்ளே ஒன்றும் செய்யாமல் அனுப்பினார்கள். 2002-ல் முடிவு வெளிவந்தபோது, துளை வழியாக மூட்டைச் சுத்தம் செய்துகொண்டவர்கள் இவர்களைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை. வலி குறைந்ததை வைத்து மட்டும் உள்ளே என்ன நடந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. நோயாளியாலும் முடியாது, டாக்டராலும் முடியாது.

பி.ஆர்.பி.க்குச் சாதகமான ஆய்வுகளும் இருக்கின்றன, அதை மறைப்பது நியாயமில்லை. மூட்டுக்கு வழுவழுப்புக் கூட்டப் போடுகிற ஹயலுரோனிக் அமில ஊசியோடு ஒப்பிட்டால் இது மேல் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனாலும் அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டி, முழங்கால், இடுப்புத் தேய்மானத்துக்கு இதை வேண்டாம் என்றே அழுத்தமாகச் சொல்கிறது. அங்குள்ள எலும்பு அறுவை மருத்துவர்களின் சங்கம் அந்த அளவு கறாராக இல்லை. நான் நினைப்பது இது: ஐம்பது வயதுக்குள், ஆரம்பத் தேய்மானம், உடற்பயிற்சியை ஒழுங்காகச் செய்தும் வலி விடவில்லை, அந்தப் பணம் போனாலும் வீட்டில் யாருக்கும் கஷ்டமில்லை என்றால் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. கால் வில்லாக வளைந்து, நாலாம் நிலைத் தேய்மானத்தில் (எக்ஸ்ரே கணக்கில் மிக முற்றிய நிலை அது) இருப்பவருக்கு “ஆபரேஷன் தேவையில்லை, மூன்று ஊசி போதும்” என்று சொல்வது எனக்குப் பொறுக்காத விஷயம்.

ஸ்டெம்செல், அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச்செல், இன்னும் பெரிய பணம் புழங்கும் இடம். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, அல்லது வயிற்றுக் கொழுப்பை எடுத்து, செறிவாக்கி, அன்றைக்கே மூட்டுக்குள் போடுகிறார்கள். அந்தச் செல்கள் போய் உட்கார்ந்து குருத்தெலும்பாக மாறிவிடும் என்றுதான் எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள். இன்றைய அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. உள்ளே போன செல்களில் பெரும்பாலானவை அதிக நாள் தங்குவதில்லை. தங்குகிற காலத்தில் வீக்கத்தைத் தணிக்கும் ரசாயனங்களைச் சுரக்கின்றன. உதவி இருந்தால் அந்த வழியில்தான். 2023-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ 475 பேரிடம் மஜ்ஜைச் செறிவு, கொழுப்புச் செல்கள், தொப்புள்கொடிச் செல்கள் மூன்றையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு வருஷ முடிவில் மூன்றில் ஒன்றுகூட ஸ்டீராய்டைவிட வலியை அதிகம் குறைக்கவில்லை.

நம் நாட்டில் நடந்த ஒரு நல்ல வேலையையும் சொல்ல வேண்டும். பெங்களூரின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், தானம் கொடுத்த பலரின் மஜ்ஜையிலிருந்து செல்களை வளர்த்து ஒரு மருந்தாகவே தயாரித்தது. ஒரே ஊசி, இரண்டரைக் கோடி செல்கள். 146 பேரிடம், போலி ஊசியோடு ஒப்பிட்டு, மூன்றாம் கட்டச் சோதனை வரை முறையாக நடத்தினார்கள். வலியிலும் நடமாட்டத்திலும் போலி ஊசியைவிட நல்ல பலன் ஒரு வருஷம் வரை தெரிந்தது. இரண்டாம், மூன்றாம் நிலைத் தேய்மானம் உள்ளவர்களுக்கு என்று 2022-ல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அனுமதி கொடுத்தார். மறுபடி கவனியுங்கள்: இரண்டாம், மூன்றாம் நிலை. இன்னும் பெரிய எண்ணிக்கையில், மற்ற ஆட்களும் செய்து பார்த்து இதே பலன் வந்தால் நான் மனசாரச் சந்தோஷப்படுவேன். ஆனால் இந்த அனுமதியைக் காட்டி, பக்கத்துத் தெருவில் கொழுப்பெடுத்துப் போடுகிற ஊசிக்கும் அதே மரியாதை கேட்பதுதான் இப்போது நடக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து வெளியிட்ட 2017 வழிகாட்டி தெளிவாக இருக்கிறது. ரத்த நோய்களுக்கு ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தவிர, ஸ்டெம்செல்லை மருத்துவச் சோதனைக்கு வெளியே நோயாளிக்குப் போடக்கூடாது. சோதனை என்றால் நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது.

கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தென்கொரியாவில் நடந்ததைச் சொல்வேன். இன்வோசா என்று முழங்காலுக்கு ஒரு செல் ஊசி. 2017-ல் அரசு அனுமதியே கிடைத்து, ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்டார்கள். 2019-ல் பார்த்தால் அதிலிருந்த ஒரு வகைச் செல்கள் குருத்தெலும்புச் செல்களே இல்லை. சோதனைச்சாலையில் வளர்க்கப்படும் சிறுநீரகச் செல் வகை. அனுமதியை ரத்து செய்தார்கள். அரசு பரிசோதித்த, பெரிய நிறுவனத்தின் பொருளிலேயே இது நடந்தது.

நரம்பு வலிக்கு வந்தால் கணக்கு வேறு. நரம்பு நிஜமாகவே வளரக்கூடியது.

“பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு”, “ராத்திரி பாதம் எரியுது, ஃபேனுக்கு நேரா காலை நீட்டிக்கிறேன்”, “செருப்பு கழன்டு போனதே தெரியலம்மா, பின்னாடி வந்தவர் சொல்லித்தான் தெரிஞ்சுது.” சர்க்கரைக்காரர்கள் சொல்கிற இந்த வார்த்தைகள் எங்கள் வேலையில் தினசரிப் பேச்சு. முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் நுனி வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் ஓடுகிற நரம்பிழைகள்தான் முதலில் அடிபடுகின்றன, அதனால் மதமதப்பு விரல் நுனியில் ஆரம்பித்து மேலே ஏறுகிறது. அறுபட்ட நரம்பிழை நல்ல சூழலில் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். வளரும் என்பது எவ்வளவு உண்மையோ, மெதுவாக வளரும் என்பதும் அவ்வளவு உண்மை. ஒரு டிரிப் ஏற்றி ஒரே வாரத்தில் நரம்பு புதுசாகிவிட்டது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர்களிடம் கேளுங்கள்.

சர்க்கரையால் வரும் பாத எரிச்சலுக்கு ஸ்டெம்செல் ஊசியோ டிரிப்போ நரம்பை மீட்கும் என்று நம்பும்படியான ஆதாரம் கிடையாது. மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதற்குக் குளுக்கோஸ் நீரையோ பி.ஆர்.பி.யையோ ஸ்கேன் பார்த்துக்கொண்டே நரம்பைச் சுற்றிச் செலுத்துவதில் சிறிய ஆய்வுகள் நல்ல பலன் காட்டியுள்ளன, அது வேறு விஷயம்.

என் மனதில் நிற்பது யூட்டா பல்கலைக்கழகத்தின் வேலை. சர்க்கரை வரும் நிலையில் நின்ற, பாதத்தில் நரம்புக் கோளாறு தொடங்கிய 32 பேருக்கு உணவையும் நடைப்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தினார்கள். தொடக்கத்திலும் ஒரு வருஷம் கழித்தும் தோலில் கடுகளவு வெட்டி எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் நரம்பிழைகளை எண்ணினார்கள். 2006-ல் வெளிவந்த முடிவில், தொடைப் பகுதித் தோலில் நரம்பிழைகள் கூடியிருந்தன. வலியும் குறைந்திருந்தது. எண்ணிப் பார்த்த நரம்பிழைகள்! மறுவளர்ச்சி என்ற பேச்சுக்கு நான் கேட்கிற சாட்சி இப்படிப்பட்டதுதான். சின்ன ஆய்வு, ஒப்பிட வேறு குழு கிடையாது. ஆனாலும் அங்கிருந்தே பின்னால் வந்த ஆய்வுகளும் இதே திசையில் போயின. இதற்கு யாரும் விளம்பரம் கொடுக்கப் போவதில்லை, விற்க இதில் பாட்டில் எதுவும் இல்லை.

இன்னொன்று. பாத எரிச்சலோடு வருகிறவர் பல வருஷமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மாத்திரை நாளடைவில் பி12-ஐக் குறைக்கும், பி12 குறைந்தாலும் அச்சு அசலாக இதே எரிச்சல், இதே மதமதப்பு. சைவம் சாப்பிடுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். இதைப் பார்க்காமலே பெரிய ஊசிக்குத் தேதி வாங்கி வந்தவர்கள் உண்டு.

இடுப்பிலிருந்து கால் வரை சுரீரென்று இழுக்கிற வலியிலும் உடம்பு தானாகவே நிறையச் செய்துகொள்கிறது. பிதுங்கி வெளியே வந்த டிஸ்க்கைப் பல பேருக்குச் சில மாதங்களில் உடம்பே கரைத்து உறிஞ்சிவிடுகிறது. பெரிதாகப் பிதுங்கியதுதான் பெரும்பாலும் நன்றாகக் கரைகிறது. கால் பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போவது இருந்தால் உடனே மருத்துவமனை. இல்லாவிட்டால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க இடமிருக்கிறது.

முட்டிக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது எது என்று கேட்டால், ஒரு துண்டுதான். துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, காலை நீட்டி உட்கார்ந்து, துண்டைக் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். தொடையின் முன்பக்கத் தசை கல்லாக இறுகுகிறதா என்று அவர்கள் கையை வைத்தே தொட்டுப் பார்க்கச் சொல்வேன். முதல் நாள் நிறையப் பேருக்கு அந்தத் தசை அசையவே அசையாது. வலிக்குப் பயந்து அது வேலையை மறந்துபோயிருக்கும். சில வாரத்தில் திரும்ப வரும். அப்புறம் நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, பிறகு படி. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் ஏறும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று 2005-ல் அமெரிக்காவில் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஊசி போட்டுக்கொள்பவருக்கும் இதெல்லாம் வேண்டும். பி.ஆர்.பி. போட்டுவிட்டு தசையைக் கவனிக்காமல் விட்டவர்கள் சில மாதத்தில் அதே வலியோடு திரும்பி வருகிறார்கள்.

ஊசிக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டீர்களா? போகும்போது எழுத்தில் கேளுங்கள். உள்ளே போகிற பொருளின் பெயர் என்ன, யார் தயாரித்தது, எந்த நிலைத் தேய்மானத்துக்கு அதற்கு அனுமதி இருக்கிறது, சோதனை என்றால் சோதனைப் பதிவேட்டில் அதன் எண் என்ன. எக்ஸ்ரேயில் உங்களுக்கு எத்தனையாவது நிலை என்று எழுதி வாங்குங்கள். நேர்மையான டாக்டர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். “இன்னைக்கே பணம் கட்டினா தள்ளுபடி” என்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நாலாம் நிலை, ராத்திரி தூக்கமில்லை, கழிப்பறைக்குப் போகவே பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்கிற கட்டத்தில் இருக்கும் அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கிறது. வளையலை அடகு வைத்து ஸ்டெம்செல்லுக்குத் தேதி குறித்திருந்தால், அந்தத் தேதிக்கு முன்னால் காப்பீட்டு அட்டையையும் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவுக்கு ஒரு காலை போய் வாருங்கள். தனியாகப் போக வேண்டாம், மகளையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே காத்திருக்க நேரமாகும்.